ஞானம் வெளியே நின்ற ஆட்டங்கள்

செய்தி வந்த நேரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நம் ரசிகர் குழுவின் வாட்ஸ்அப்பில் அன்று காலை, நடக்கவிருந்த நட்புக் கால்பந்து ஆட்டத்துக்கான தேசிய அணிப் பட்டியல் வந்திருந்தது. வழக்கம்போல் நீங்கள் எல்லாரும் பயிற்சியாளருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். நானும் என் பங்குக்கு ஒன்றைத் தட்டிவிட்டேன்: "அணி பலமாகத்தான் இருக்கிறது. ஞானம் வெளியே நின்றால் போதும், பிரேசில் வந்தாலும் பிழிந்து காயப்போட்டுவிடலாம்." சிரித்த முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றின் அடியில் ஞானத்தின் எண்ணிலிருந்தே ஒரு பதில் வந்தது. திட்டப்போகிறான் என்று ஆவலாகத் திறந்தேன். எழுதியிருந்தது அவன் மகள் மெர்லின். "அங்கிள், அப்பா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க. மார்சிலிங் வீட்டுக்குக் கீழதான் அப்பாவ வைக்கிறோம், பாக்க வாங்க."

என் வாக்கியமும் அவள் வாக்கியமும் இன்னமும் அங்கே கிடக்கின்றன, ஒன்றின் கீழ் ஒன்றாக. என்னுடையதை அழிக்கலாம். அழித்தால், இங்கே ஒரு செய்தி நீக்கப்பட்டது என்று அந்தச் செயலி அதற்கும் ஒரு கல்வெட்டு வைக்கும். விட்டுவிட்டேன்.

நீங்கள் என்னைப் புளுகு மாமா என்று அழைப்பது எனக்குத் தெரியும். அதில் வருத்தமில்லை, நான் சம்பாதித்த பட்டங்களில் உழைத்துப் பெற்றது அது ஒன்றுதான். ஆனாலும் ஞானத்தைப் பற்றி எழுது என்று குழுவில் கேட்டபோது தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவனைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த பெரிய வேடிக்கை எதுவோ, அது என் புளுகு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஞானப்பிரகாசத்தின் தொண்டையை அறியாதவர் நம்மில் இல்லை. அந்தக் காலத்தில் ஜாலான் புசார் அரங்கில் அவன் ஒருமுறை 'ஆஃப்சைட்' என்று கத்தினால், கடல் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் பேருந்து ஓட்டுநர்கள் பிரேக் போடுவார்கள். மேகங்கள் கலைந்து இந்தோனேசியாவுக்குப் போய்விடும். அதே மனிதன் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன் என்பதும், அங்கே அவன் குரலை உயர்த்தியதே இல்லை என்பதும் உங்களில் சிலருக்குத்தான் தெரியும். சாரத்தின் மேலிருந்து ஒரு திருகாணி விழுந்தால் போதும். யார் எங்கே நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது, எந்த நிமிடத்தில் யார் திரும்பினார்கள் என்று பதறாமல் கேட்டுக்கொண்டே போவான். காரணம் கிடைக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

"காரணம் இல்லாம எதுவும் விழாதுலா," என்பான். "தேடலன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். இல்லன்னு சொல்லாதே."

இன்னொன்றும் சொல்வான். "ஆபத்த நின்னு திட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. அந்த எடத்த விட்டு எடுத்துடணும். முடிஞ்சிச்சு வேல."

இந்த இரண்டையும் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

காரணம் தேடிச் சாகும் இப்படிப்பட்ட மனிதனுக்கு ஆண்டவர் அருளிய அணி எது என்று பாருங்கள். உலக வரைபடத்தில் நம் நாடு இருக்கும் இடத்தில் பெயரை எழுத இடமில்லாமல் கடலில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறு புள்ளியின் பதினோரு பேருக்காக ஒரு காலத்தில் காலாங் அரங்கில் எழுந்த ஆரவாரம், சத்தியமாகச் சொல்கிறேன், விமானங்களை வழிதவறச் செய்தது. மலேசியக் கிண்ண நாள்கள் அவை. பிறகு அந்தப் போட்டியை விட்டு வந்தோம். இரண்டாயிரத்துப் பத்தில் உலகக் கிண்ணத்துக்கே போவோம் என்றார்கள். இரண்டாயிரத்துப் பத்து வந்தது, நாம் போகவில்லை. தென்கிழக்காசியக் கிண்ணத்தை நான்கு முறை வென்றிருக்கிறோம். அது நடந்தது நமக்கே கனவு மாதிரி இருக்கிறது. மற்ற நாள்களில், கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கலையில் நம்மை வெல்ல பூமியில் ஆளில்லை. மற்ற நாட்டினர் தோல்வியை எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். நாம் அதற்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறோம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். ஞானத்துக்கு இரண்டு தோசை, எனக்கு நாலு. அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து, இரும்புச் சாமான் கடைகள் அடைக்கும் நேரத்தில் ஜாலான் புசாருக்கு நடப்போம். நடக்கும்போது ஞானம் பேசமாட்டான். தொண்டையைச் சேமிக்கிறானாம்.

ஏறத்தாழ இருபது வருடம் இருக்கும். எதிர் அணி எது என்பதுகூட மறந்துவிட்டது. முதல் பாதியில் ஞானம் கழிப்பறைக்குப் போனான். நாம் ஒரு கோல் போட்டோம். திரும்பி வந்து உட்கார்ந்தான், ஒன்று வாங்கினோம். இடைவேளைக்குப் பிறகு தண்ணீர் வாங்கப் போனான். மறுபடி நாம் போட்டோம். போத்தலோடு வந்து உட்கார்ந்து மூடியைத் திருகியிருக்க மாட்டான், பந்து நம் வலைக்குள். கடைசியில் இன்னொன்றும் விழுந்து தோற்றோம்.

எனக்கு அது விருந்தாகிவிட்டது. இருக்கைமேல் ஏறி நின்றேன். "மகா ஜனங்களே!" என்று ஆரம்பித்தேன். "இந்தத் தீவில் வாழும் அத்தனை லட்சம் குடிமக்களின் சார்பாகவும், இனிப் பிறக்கப்போகும் சிசுக்களின் சார்பாகவும் அறிவிக்கிறேன். நம் தோல்விகளுக்கெல்லாம் மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பயிற்சியாளர் நிரபராதி! கோல் காவலர் நிரபராதி! இதோ உட்கார்ந்திருக்கிறானே, இந்த ஞானத்தின் இரண்டு கண்கள்தான் குற்றவாளி. இவன் பார்த்தால் பந்து பயந்து நம் வலைக்குள் ஒளிந்துகொள்கிறது!"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். "தூக்கு அவன வெளிய!" என்று யாரோ கத்தினீர்கள். ஞானமும் சிரித்தான். "போடா டேய்," என்றான். ஆனால் எம்ஆர்டி ரயிலில் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டு வந்தான். நோவேனா நிலையம் தாண்டியதும், "நான் தண்ணி வாங்கப் போனப்போ எத்தனாவது நிமிஷம்?" என்று கேட்டான். நான் அதற்கும் ஏதோ கப்சா விட்டேன்.

அடுத்த ஆட்டத்தில் அறுபதாவது நிமிடம் எழுந்தான்.

"எங்கடா?"

"சும்மா. டெஸ்ட் பண்ணிப் பாக்கிறேன்லா."

அன்று வென்றோம். அதற்கடுத்த ஆட்டத்தில் இடைவேளையிலேயே போனான், வென்றோம். மூன்றாவதில் உள்ளேயே உட்கார்ந்து பார்த்தான், தோற்றோம். மூன்று சோதனை. ஒரு கப்பலையே நிறுத்திவைக்க அவனுக்கு அவ்வளவு போதும். அதன்பிறகு ஞானம் ஒருபோதும் இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்து முதல் பாதியையும் விட்டான். நாட்டுப்பண்ணுக்கு மட்டும் உள்ளே வந்து நிற்பான். முடிந்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்குவான். டிக்கெட் மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எடுத்தான். "டிக்கெட் இல்லாம நின்னா சும்மா நிக்கிற ஆளு. எடுத்துட்டு நின்னா டூட்டி," என்பான்.

அரங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடை. அதன் வாசல் நடைபாதையில் ஞானம் நிற்பான். சில மாதம் பார்த்த அந்தக் கடைக்காரச் சீனப் பெரியவர், ஆட்ட நாள்களில் கடையை அடைக்கும்போது ஒரு காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து வெளியே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். நம் தேசிய அணியின் வரலாற்றிலேயே நிரந்தரமான ஆசனம் அது ஒன்றுதான். நாம் கடைசியாகக் கிண்ணம் வென்ற வருடம் இறுதியாட்டத்தின் முதல் சுற்று ஜாலான் புசாரில் நடந்ததே, அரங்கமே கிழிந்து பறந்ததே, அன்றும் ஞானம் அந்த டின்னின்மேல்தான் இருந்தான். வெளியே ஓடிப்போய் அவனைத் தூக்கிச் சுற்றினேன். "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருந்தது. பார்த்தாயா என்று அவனிடம் யாரும் கேட்கமாட்டோம்.

அவன் வெளியே இருந்தும் நாம் தோற்ற ஆட்டங்கள் எத்தனையோ! அதற்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தான். "எண்பதாவது நிமிஷம் கேட் இடுக்குல எட்டிப் பாத்துட்டேன்லா." "ஸ்கோர்போர்டு வெளிச்சம் கண்ணாடியில தெரிஞ்சிச்சு." "இன்னிக்கு டின்ன அரங்கத்தப் பாத்து போட்டுட்டேன்." அடுத்த ஆட்டத்துக்குத் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். நான் இதையெல்லாம் குழுவில் சுடச்சுட எழுதுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். நம் அணி தோற்ற நாள்களில் சிரிக்க வேறு என்ன இருந்தது?

இதுவரை சொன்னதில் புளுகு கலந்திருக்கிறது. இனி வருவதில் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன் மெர்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிளமெண்டியில் வளர்ந்த சீனக் கத்தோலிக்கப் பையன். ஞானத்துக்கு அவனை மிகவும் பிடிக்கும்; வேலையிடத்தில் தலைக்கவசத்தைச் சரியாகப் போடுகிற பையன் என்பதே அவன் கொடுத்த நற்சான்று. மாதா கோயிலில் மகளைக் கைப்பிடித்துப் பீடம்வரை அழைத்துவந்து ஒப்படைத்தான். சாமியார் தாலியை மந்திரிக்க எடுத்தபோது பார்க்கிறேன், முதல் வரிசையில் அவன் மனைவி ரீத்தா மட்டும் நிற்கிறாள். ஞானம் இல்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்த் தேடினேன். கார் நிறுத்துமிடத்தில், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பின்னால், கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். கோட்டு வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"டேய், உள்ள தாலி கட்டுறாங்கடா. வா!"

"நீ போ. முடிஞ்சதும் வர்றேன்."

"என்னடா பண்ற இங்க?"

"நல்லபடியா நடக்கட்டும்லா," என்றான். "நான் பாத்து ஏதாச்சும் ஆயிடுச்சின்னா?"

அவன் விளையாடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இருக்கைமேல் ஏறி நான் விட்ட சொல், அரங்கத்தை விட்டு வெளியேறி, அவன் வீட்டுக்குள் போய்க் குடியிருந்திருக்கிறது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி. அது பொய்டா, நான் சும்மா சொன்னது. உள்ளே மணி அடித்தது. "சரி, முடிஞ்சிச்சு, வா," என்று அவன் தோளில் கை போட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

போன நவம்பரில், ஹாங்காங்கோடு நாம் ஆடிய ஆட்டம். வென்றால் ஆசியக் கிண்ணப் போட்டிக்குப் போகலாம். போட்டியை நாம் நடத்தாமல் சொந்தக் காலில் தகுதி பெறுவது முதல் தடவை. ஞானத்துக்கு ஈரல் புற்றுநோய் முற்றியிருந்தது. மார்சிலிங் வீட்டில், கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். இந்த ஒரு தடவையாவது அவனைப் பார்க்க வைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

"அதெல்லாம் சும்மாடா," என்றேன். "நான் வெளையாட்டுக்குச் சொன்னதுடா. இன்னிக்கு உக்காந்து பாரு."

சொன்னேன், ஆமாம். இருபது வருடம் தாமதமாகச் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். ரீத்தாவும், "பாருங்களேன், அண்ணன் இவ்ளோ தூரம் சொல்றாங்க," என்றாள். சரி என்று தலையணையை நிமிர்த்திக்கொண்டான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, தொலைக்காட்சியிலாவது, அவன் கண்ணில் பச்சைத் திடல் தெரிந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும், கோல் வாங்கினோம்.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இடைவேளையில், "ரீத்தா, வாக்கர் எடு," என்றான்.

"எங்க போறீங்க இந்த ஒடம்போட?"

"காரிடாருக்கு."

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!"

நான் வாக்கரை நகர்த்திக் கொடுத்தேன். வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஜொகூர் விளக்குகளைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இரண்டாம் பாதியில் நாம் முதல் கோல் போட்டோம். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் இரண்டாவது. அடுக்குமாடி புளோக் முழுவதும் அலறியது. மேல் மாடியில் யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். நான் வெளியே ஓடினேன். ஞானம் அழுதுகொண்டே சிரித்தான். நம் அணி எனக்குக் கொடுத்ததிலேயே மகத்தான வெற்றி அது. அதுவே அவனுக்கு எதிரான கடைசிச் சாட்சியாகவும் போய்விட்டது.

"பாத்தியா?" என்றான். "காரணம் இருக்குலா."

கடைசி விசிலும் கேட்டபிறகு, "ஆசியக் கிண்ணம் எப்போ?" என்றான்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. சவூதியில."

"அப்ப நான் இருக்கமாட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "நல்லதுதான். ஃபுல்லா சேஃப்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் நாக்கு இருக்கிறதே, அது எதற்கும் காத்திருக்காது. "நீ இல்லன்னா கிண்ணமே நமக்குத்தான்டா," என்றேன். ஞானம் சந்தோஷமாகச் சிரித்தான். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

மார்சிலிங்கில் புளோக்குக்குக் கீழே பெட்டியில் அவனைப் பார்த்தேன். நம் அணியின் சிவப்புச் சட்டை போட்டிருந்தார்கள். மாலை ஜெபம் முடிந்து வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பாக்கெட்டும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்த மெர்லின், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். தாலி கட்டுறப்போ அப்பா எங்க போனார்?"

நான் கடலையைப் பார்த்தேன்.

"திரும்பிப் பாத்தேன், இல்ல. வீடியோலயும் இல்ல. கேட்டா டாய்லெட் அர்ஜென்ட்னார். அவருக்கு என் கல்யாணம் புடிக்கலையோன்னு... செவன் இயர்ஸா, அங்கிள். அவர்ட்ட சரியா கேக்கவே இல்ல. இப்ப எப்படிக் கேக்கிறது?"

"உங்கப்பா உள்ள நின்னிருந்தா ஆனந்தக் கண்ணீர்ல கோயிலே மெதந்து போயிருக்கும்மா. அதான் வெளிய போனாரு," என்றேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். எழுந்து அடுத்த ஆளுக்குக் கடலை கொடுக்கப் போனாள்.

மெர்லின், உனக்குப் பதில் இதுதான். உன் கல்யாணம் அவனுக்குப் பிடித்திருந்தது. தான் பார்த்தால் கெட்டுப்போகும் என்று நம்பிய அளவுக்குப் பிடித்திருந்தது. அப்படி நம்ப வைத்தவன் நான். ஒரு கைத்தட்டலுக்காக.

மண்டாய் தகனச்சாலையில் அவனைக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம் அந்த நட்பு ஆட்டம். தேக்காவில் தோசை இறங்கவில்லை. தனியாக நடந்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது எப்போதும் காலிதான், ஆகவே யாரும் கவனிக்கவில்லை. நாட்டுப்பண் முடிந்ததும் என் தோளை யாரும் தட்டவில்லை.

தோற்றோம். கடைசி ஐந்து நிமிடத்தில், வழக்கமான அதே மாதிரி. நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தீர்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஞானம் உள்ளே இல்லை. வெளியே இல்லை. கேட் இடுக்கில் எட்டிப் பார்க்கவில்லை. அவன் கண் இந்த உலகத்திலேயே எங்கும் இல்லை, ஆனாலும் தோற்றோம். இதைவிடத் தெளிவான சோதனை அவன் பட்டறையில்கூட நடந்திருக்காது. இதை எடுத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்?

கால்கள் அந்தத் தெருவுக்குப் போயின. கடை அடைத்திருந்தது. வாசலில் பெயிண்ட் டின் கவிழ்ந்திருந்தது. சீனப் பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஆட்ட நாள், வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உட்கார்ந்தேன். அங்கிருந்து என்னதான் தெரியும் என்று முதல் தடவையாகப் பார்த்தேன். எதிரே ஒரு சின்ன ஹோட்டலின் பக்கச் சுவர், ஒரு குழாய், குழாயின்மேல் அரங்க விளக்குகளின் வெளிச்சம். இருபது வருடமாக அவன் பார்த்த ஆட்டம் இது.

அந்த டின்னை நான் எடுத்துவரவில்லை. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். ஞானத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த டின்னும் அந்தச் சுவரும். இனி நாட்டுப்பண் முடிந்ததும் நான் படியிறங்கிவிடுவேன், தேடாதீர்கள்.

அன்று விளக்குகள் அணையும்வரை உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆளில்லை.

"தோத்துட்டோம்டா," என்றேன். "நீ காரணமில்ல."